துக்கடாவா தமிழ்?

சென்னையில் இசைவிழாக் காலம் நெருங்கி வந்துவிட்டது. உலக வழக்கில் மார்கழி என்றும் நம் வழக்கில் சிலை என்றும் சொல்லப்பெறும் திங்களையொட்டி, திசம்பர் நடுவிலிருந்து சனவரித் தொடக்கம் வரையில், மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் தியாகராயர் நகரிலும் உள்ள அரங்குகளில் காலை தொடங்கி இரவு வரை பாட்டும் ஆடலும் ஓய்வின்றி நிகழும். சில மன்றங்கள் நளித் திங்களிலேயே தொடங்கிவிடும். வெளியூர்களிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் சுவைஞர்கள் வந்து தங்கிக் கேட்பர். 2017-இல் யுனெசுகோ நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமையில் இவ்விழாக் காலத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

நகரம் தமிழர் நகரம். சீட்டு வாங்குவோருள் பெரும்பாலார் தமிழர். மேடையில் அமர்ந்து பாடுவோருள்ளும் பெரும்பாலார் வீட்டில் தமிழ் பேசுவோர். ஆனால் பாட்டு எந்த மொழியில்? இக்கேள்வியை நாம் புதிதாக எழுப்பவில்லை. எண்பது ஆண்டுகட்கு மேலாக எழுப்பப்பெற்று, பாதி விடை பெற்று, மீதி விடை பெறாமல் நிற்கும் கேள்வி இது. இவ்வாண்டு அந்த மீதி விடைக்கு நம் அன்பர்கள் என்ன செய்யலாம் என்று சொல்லவே இவ்வுரை.

முதலில் அரங்கின் அமைப்பை அறிந்து கொள்ளல் வேண்டும். இரண்டரை மணி நேர இசையரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்ணம் என்னும் தொடக்க உருப்படி முதலில் வரும். அதனை இன்று ‘வர்ணம்’ என்கின்றனர். பின்னர்ச் சிறு உருப்படிகள் இரண்டு மூன்று. அதன்மேல் அரங்கின் நடுப்பகுதியில் முதன்மை உருப்படி. இதற்கு முன்னர் ஆளத்தி என்று நம் முன்னோரும் ஆலாபனை என்று இன்றுள்ளோரும் சொல்லும் பண் விரிவு, அடுத்துப் பாட்டு, அதில் ஓரடியை எடுத்துப் பலவாறாக நிரவுதல், கற்பனைச் சுரம், இறுதியில் மத்தளத்தார்க்கும் கடத்தார்க்கும் உரிய தனி முழக்கம். இவையெல்லாம் சேர்ந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். பாடுவோரின் பயிற்சியும் புலமையும் கற்பனையும் இங்கேதான் அளந்தறியப்படும். இதன் பின்னர், எழுந்து போவோர் எழுந்து போகத் தொடங்கும் நேரத்தில், ஐந்தைந்து மணித்துளி அளவில் பாடப்பெறும் சில்லறைப் பாட்டுகளுக்குத் துக்கடா என்று பெயர். வடநாட்டு மொழிகளிலிருந்து வந்த சொல். துண்டு, துணுக்கு என்பது அதன் பொருள்.

நெடுங்காலம் தமிழுக்கு அளிக்கப்பெற்ற இடம் அந்தத் துணுக்கிடம். தலைவாழை இலையில் விருந்து முழுதும் பிறமொழியில் படைத்து முடித்து, கைகழுவும் முன் ஒரு வெற்றிலை போலத் தமிழை நீட்டுவர். அதையும் பெற்றுக்கொண்டு மகிழ்ந்தோம்! நிரவல் என்னும் பெயர் தமிழ். ஆனால் நிரவப்பெறும் அடி பெரும்பாலும் தமிழன்று. ஓரடியையே பத்துமுறை, இருபதுமுறை, ஒவ்வொரு சொல்லையும் வெவ்வேறிடத்தில் நிறுத்திப் பாடுங்கால், பொருள் விளங்கும் மொழியாயின் கேட்பவன் உள்ளத்தில் அச்சொல் புதிது புதிதாக மலரும். பொருள் விளங்காத மொழியாயின் அவன் தலையை மட்டும் ஆட்டிக் கொண்டிருப்பான். பாரதியார் தம் காலத்திலேயே, பொருளறியாது பாடுவோரையும் பொருளறியாது கேட்போரையும் கடிந்து எழுதினார்.

இதே சென்னையில் 1927-இல் பேராயக் கட்சி மாநாட்டோடு ஒட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928-இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பெற்றது. திசம்பர் விழாவின் வேர் அது. இதற்கு முன்னரே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டித் தம் கைப்பொருளைச் செலவிட்டார். 1916-இல் பரோடா மாநாட்டிற்குச் சென்று தமிழிசையின் சுருதிக் கணக்கை எடுத்துரைத்தார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். இன்று கருநாடக இசை என வழங்குவதன் வேர், சிலப்பதிகாரம் சொல்லும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையில் உள்ளது என்பது அவர் நிறுவ முயன்ற உண்மை. அவர் மருத்துவத் தொழிலால் பொருளீட்டியவர். அரசின் கொடையோ மன்னர் துணையோ பெற்று இதனைச் செய்தாரல்லர்.

1941 ஆகத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு அரங்குகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். வேறு மொழிப் பாட்டே கூடாதென்று அம்மாநாடு சொல்லவில்லை. ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. மொழியைக் கருதி இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்னும் கருத்துப்பட மியூசிக் அகாதெமி அவ்வாண்டிலேயே முடிவொன்று நிறைவேற்றியது. தமிழ் நுழைந்தால் தரம் தாழும் என்பதன்றி அதற்கு வேறென்ன பொருள்? அண்ணாமலை அரசரும் ஆர்.கே. சண்முகனாரும் இரசிகமணி டி.கே.சி.யும் தமிழிசை அணியில் நின்றனர். கல்கியும் இராசாசியும் அதே அணியில் நின்றதை மறைத்தல் நேர்மையாகாது. அப்போர் குலத்தால் பிரிந்த போர் அன்று. தாய்மொழியை மேடையில் ஏற்றத் துணிந்தவர்க்கும் துணியாதவர்க்கும் இடையில் நிகழ்ந்தது. 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. (கழகம் என்று பெயரிட்டிருக்கலாமே என்பார் பாவாணர் வழி நிற்போர். பெயரில் குறை கண்டாலும் செயலை மறவோம்.) 1949 முதல் அச்சங்கம் பண்ணாராய்ச்சி நடத்தி வருகிறது. அண்ணாமலை மன்றம் என்னும் அதன் பேரரங்கு வடசென்னையின் வாயிலில், உயர்நீதி மன்றத்துக்கு அருகே நிற்கிறது.

அக்காலத்தில் எதிரணியினர் சொன்ன தடை ஒன்று இன்றும் முணுமுணுப்பாகக் கேட்கிறது: தமிழில் கனமான உருப்படிகள் இல்லையாம்! சீர்காழி முத்துத்தாண்டவர் திருவாரூர் மூவர்க்கு முந்தியவர். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் அமைப்பில் தமிழில் பாடிவைத்தவர். அருணாசலக் கவிராயர் (1711-1779) இராமகாதை முழுவதையும் இசை நாடகமாக்கித் திருவரங்கத்தில் அரங்கேற்றினார். மாரிமுத்தாப் பிள்ளை தில்லைக் கூத்தன்மேல் பாடினார். கோபாலகிருட்டிண பாரதியார் நந்தனார் கதையைப் பாடி, இசையரங்கின் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்த மக்களின் துயரத்தை இசைக்குள் கொண்டுவந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கவி குஞ்சர பாரதி, நீலகண்ட சிவன், பாபநாசம் சிவன் என்று நிரல் நீளும். எழுபத்திரண்டு மேளங்களிலும் ஒவ்வொன்றிற்கும் உருப்படி செய்து வைத்த கோடீசுவர ஐயர் அவற்றை எம்மொழியில் செய்தார்? தமிழில். கணக்கில் கடினமானவை என்று புலவரே அஞ்சும் மேளங்களில்கூடத் தமிழ் இடறவில்லை. இனியும் கனம் போதாதென்பார் எடைக்கல்லை மாற்றி வைத்திருக்கிறார் என்றே கொள்ளல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டது தேவாரப் பண். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவார் நாற்பத்தெண்மரையும், அவர்க்கு உடுக்கை முழக்குவார் ஒருவரையும் கொட்டி மத்தளம் முழக்குவார் ஒருவரையும் ஆக ஐம்பதின்மரை இராசராசன் அமர்த்தியதைக் கல்வெட்டுச் சொல்கிறது. ஒரு கோயிலுக்கு ஐம்பதின்மர்! அவர்க்கு நாள்தோறும் நெல்லளந்தான் மன்னன். பண் என்பது கல்லறைப் பொருளன்று. ஓதுவார்கள் இன்றும் பாடும் மரபில், கௌசிகம் பைரவியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும், சாதாரி பந்துவராளியாகவும் ஒலிக்கின்றன. மேடையில் நீலாம்பரி பாடும் இளைஞரிடம் மேகராகக் குறிஞ்சியில் அமைந்த ஒரு பதிகத்தைப் பாடுமாறு கேட்டால் அவர் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. பதிகத்தின் சொற்களை மட்டும் கற்றால் போதும்.

தெலுங்கின்மேல் நமக்குப் பகையில்லை. தியாகராசர் தமிழ் மண்ணில் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, தம் தாய்மொழியாகிய தெலுங்கில் உள்ளம் உருகிப் பாடினார். தாய்மொழியில் பாடியமையால்தான் அவர் பாட்டில் உயிர் இருந்தது. அவரைப் போற்றுவோர் அவர் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் வழியை விட்டுவிட்டனர். தெலுங்கு நாட்டு அரங்கில் தெலுங்குப் பாட்டு முதன்மை பெறுவதுதான் முறை. அம்முறை தமிழ்நாட்டில் மட்டும் எவ்வாறு மாறும்?

இனி இன்றைய நிலை. எண்பதாண்டுப் போராட்டம் வீண்போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். திருப்புகழும் விருத்தமும் பாசுரமும் பெரும்பாலான அரங்குகளில் கேட்கின்றன. முழுத் தமிழரங்கு நிகழ்த்துவோர் தோன்றியுள்ளனர். சஞ்சய் சுப்பிரமணியன் ‘தமிழும் நானும்’ என்னும் பெயரில் முற்றும் தமிழ்ப் பாட்டுகளாலான அரங்குகளை நிகழ்த்தியபோது மக்கள் கட்டணம் செலுத்தி வந்து கேட்டனர். தமிழ் பாடினால் கூட்டம் வாராது என்னும் பழைய சாக்கு அன்றே செத்தது. ஆயினும் ஒரு நாள் விழாவாகத் தமிழைக் கொண்டாடிவிட்டு மறுநாள் பழைய வரிசைக்கே திரும்புதல் வழக்கமாகிவிட்டது. நாள்தோறும் உண்ணும் உணவு வேறு. ஆண்டுக்கொருமுறை படைக்கும் படையல் வேறு. தமிழ் படையலாகிவிடக் கூடாது.

பெயர்களைப் பாருங்கள். நாரத கான சபை, பிரம்ம கான சபை, கிருட்டிண கான சபை. வானுலகத்தார் பலர்க்கும் சென்னையில் ஆளுக்கொரு மன்றம் உண்டு. யாழ்ப்பாணர்க்கும் இளங்கோவடிகட்கும் அந்த வரிசையில் இடமில்லை. அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மேடை அறிமுகமும் ஆங்கிலத்தில். தமிழ் முழு உரிமையோடு ஆளும் இடம் ஒன்றே ஒன்று: மன்றத்துச் சிற்றுண்டிச்சாலை. அங்கே பொங்கலும் அடையும் அவியலும் வாழைப்பூ வடையும் முதன்மை உருப்படிகள். அவற்றைப் பற்றி இதழ்களும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நாவுக்குத் தமிழ் இனிக்கிறது. செவிக்கு மட்டும் ஏன் கசக்கிறது என்பதை அவ்வெழுத்தாளர் ஒருவரேனும் கேட்டாரா?

நாகசுவரத்தின் நிலை தனியே சொல்லத்தக்கது. தமிழிசையின் ஆளத்தி மரபைப் பலதலைமுறையாகக் காத்தவர்கள் கோயில் வாயிலிலும் தேரடியிலும் இரவு முழுதும் வாசித்த நாகசுவரக் கலைஞர்களே. மேடைப் பாடகர் பலர் அவர்தம் வாசிப்பைக் கேட்டே பண் விரிவைக் கற்றனர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை தோடியை விரித்த விதத்தைக் கேட்டவர்கள் பின்னர் அதனை எவரிடத்தும் கேட்கவில்லை என்றே சொல்லிச் சென்றனர். அவர் மறைந்தது 1956 திசம்பர் 12-இல். அகாதெமியின் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் 1942-இல் தொடங்கியது. அப்பட்டம் பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மத்தளக் கலைஞர் ஒருவர்க்கு அது முதன்முதல் கிட்டியது 1966-இல். ஆடற்கலைக்குக் கிட்டியது 1973-இல், பாலசரசுவதி அம்மையார்க்கு. விழாவின் தொடக்க நாளில் சிறுபொழுது மங்கல இசையாக நாகசுவரம் ஒலிக்கும். விளக்கேற்றுவோர் வந்ததும் நின்றுவிடும். சில மன்றங்கள் நாகசுவரத்துக்கென்று தனிநாள் ஒதுக்குகின்றன, நன்று. அந்நாள்களில் அரங்கை நிரப்புவது நம் கடன். தவிலின் முழக்கு மூடிய அரங்குக்குப் பொருந்தாது என்பாரும் உளர். அப்படியாயின் திறந்த வெளியில் மேடை அமைக்கட்டும். ஒலிபெருக்கிச் செலவும் மிஞ்சும்.

அரங்குக்கு வெளியே நிகழ்வனவற்றையும் நம் அன்பர்கள் குறித்துக்கொள்க. நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவை நடத்தி வருகிறது. பறையும் ஒப்பாரியும் கானாப் பாட்டும் அங்கே மேடையேறுகின்றன. இசை என்றாலே ஒரு வகை மட்டும் என்றிருந்த திங்களுக்குள் மற்றொன்று தலைநிமிர்ந்து நுழைந்தது. 2007-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நிகழ்ந்து நின்றுபோன சென்னைச் சங்கமம், 2023-இல் மீண்டும் உயிர்பெற்றது. பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் கரகம், தப்பாட்டம், தெருக்கூத்து, பொம்மலாட்டம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் காணலாம். பெயரில் ‘சங்கமம்’ இடறுகிறது. ‘நம்ம ஊரு திருவிழா’ என்னும் துணைப்பெயர் பேச்சு வழக்காயினும் நம் சொல். பிள்ளைகளை அழைத்துச் செல்க. பறை எவ்வாறு நெருப்பில் காய்ச்சிப் பதமாக்கப்படுகிறது என்பதை அவர்கள் அருகில் நின்று காணட்டும். அதே நாள்களில் 1977 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியும் வழக்கமாக நிகழும். அதுபற்றி வேறோர் இதழில் எழுதுவோம்.

நம் அன்பருள் ஒருசாரார், இவ்விழா அவர்கள் விழா, நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்பதைக் கொள்கையாகவே கொண்டுவிட்டனர். நாம் ஒதுங்கினால் அவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை. நாம் உள்ளே இல்லாத அரங்கில் தமிழ் பாடுமாறு கேட்பவர் யார்? பிறிதொரு சாரார் குடும்பத்தோடு சென்று அமர்ந்து, கேட்டு, சிற்றுண்டி உண்டு, ஒரு சொல்லும் சொல்லாது திரும்புகின்றனர். ஒதுங்குவோரை விட இவர்கள் வாய்ப்பை மிகுதியாக வீணடிக்கின்றனர். நண்பகல் அரங்குகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அங்கே பாடுவோர் இருபது இருபத்தைந்து அகவை இளைஞர். எதிரே இருபது முப்பது பேர் அமர்ந்திருந்தாலே மகிழ்வோர். அந்த இளைஞரிடம் அடுத்த முப்பதாண்டு இசை இருக்கிறது. அவர் முன்னே பத்துப் பேர் அமர்ந்து, பாட்டு முடிந்தபின் அருகே சென்று, ஐயா, அம்மையீர், நும் தோடி நன்று, அடுத்தமுறை முத்துத்தாண்டவர் பாட்டை நடுவில் வைத்துப் பாடுக என்று அன்போடு கேட்டால் அவர் மறுப்பாரா? மாலையரங்கில் பெயர் பெற்றவரை மாற்றுவது கடினம். பகலரங்கில் வளர்பவரை வளைப்பது எளிது.

கேட்கும் முறை ஒன்றுண்டு. கூச்சலிடுதல் வேண்டா, பாட்டிடையே குறுக்கிடுதல் அறவே வேண்டா. அரங்கு தொடங்குமுன் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புதல் நெடுநாள் வழக்கம். ‘தமிழ்ப் பாட்டு ஒன்று பாடுக’ என்று எழுதினால் துக்கடாவே கிட்டும். ‘முதன்மை உருப்படி தமிழில் வேண்டும்’ என்று எழுதுக. ஆசிரியர் பெயரையும் பண்ணையும் குறித்தல் நலம். மன்றச் செயலாளர்க்கு முன்கூட்டியே அஞ்சல் விடுத்து, அழைப்பிதழ் தமிழிலும் வேண்டும் எனக் கேட்க.

தமிழிசைச் சங்க விழாவுக்குச் சீட்டு எழுத வேண்டிய தேவையில்லை, போனால் போதும். ஈழத்து விபுலானந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களைப் பன்னெடுங்காலம் ஆராய்ந்து, 1947-இல் ‘யாழ் நூல்’ தந்து, அவ்வாண்டிலேயே மறைந்தார். அவர் எழுப்பிய கேள்விகளை ஒட்டிய ஆய்வுரைகளும் ஓதுவார் பாடல்களும் பண்ணாராய்ச்சியில் கேட்கக் கிடைக்கும். மேடைதோறும் தமிழ் தமிழ் என்று முழங்கும் நம் தோழர்கள் அக்காலை நேரத்தில் எங்கிருப்பர் என்பதை அவரவரே விடையிறுத்துக் கொள்க.

இறுதியாக ஒரு பணி. அரங்கிற்குச் செல்லும் அன்பர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடும் கைக்கடிகாரமும் கொண்டு செல்க. மன்றத்தின் பெயர், நாள், பாடியவர். ஒவ்வோர் உருப்படியும் எம்மொழி, எத்துணை மணித்துளி. முதன்மை உருப்படி எது. நிரவிய அடி எம்மொழி. துக்கடாவில் எத்தனை தமிழ். இவ்வளவே குறித்தால் போதும். தமிழ் பாடப்பெற்ற அரங்கையும் பாடப்பெறாத அரங்கையும் ஒருநிகராகக் குறிக்க. நமக்கு வேண்டியவரென்று கூட்டியோ வேண்டாதவரென்று குறைத்தோ எழுதற்க. குறிப்புகளைச் சுறவத் திங்கள் பத்தாம் நாளுக்குள் நம் அலுவலகத்துக்கு விடுக்க. மன்றவாரியாகத் தொகுத்துக் கும்பத் திங்கள் இதழில் வெளியிடுவோம். அதன் படியொன்றை அந்தந்த மன்றச் செயலாளர்க்கும் அனுப்பிவைப்போம்.